800 டாலர் படம் என்று எழுதுவதை இனியாவது நிறுத்துவீர்களா?

செல்லுலாய்ட் சேகரன்:
நண்பர் நள்ளிரவு நோக்கன் நேற்று இப்பகுதியில் 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் டெட் எண்ட் ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கத் திகில் படத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், அது "வெறும் 800 டாலரில் எடுக்கப்பட்ட படம்" என்று மூன்று இடங்களில் அடித்துச் சொல்லியிருக்கிறார். சிறையிலிருந்து வெளிவரும் டெர்ரி ஹாக்கின்ஸ் என்பவன் ஊரின் மேல் கொண்ட வன்மத்தோடு நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, நிஜமாகவே ஆட்களைக் கொன்று அதைப் படம்பிடிக்கும் இயக்குநராக மாறுவதுதான் கதை என்பதைக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். எழுதி, இயக்கி, டெர்ரியாகவும் நடித்த ரோஜர் வாட்கின்ஸ் பிற்காலத்தில் சொன்னது இதுதான்: கையில் இருந்த பணம் 3000 டாலர், அதில் 800 டாலர்தான் படத்துக்குப் போயிற்று, மீதியெல்லாம் போதை மருந்துக்குப் போயிற்று. ஆகவே படத்தின் செலவு 3000 டாலர். முன்பாதியை மறைத்துப் பின்பாதியை மட்டும் எடுத்து எழுதுவதற்கு விமர்சனம் என்று பெயரில்லை. கட்டுரையைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நள்ளிரவு நோக்கன்:
சேகரன் ஐயா அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியமே என் தரப்புக்குச் சாட்சி சொல்கிறது. படத்துக்குப் போனது 800 டாலர் என்று இயக்குநரே சொல்கிறார் என்றால், படத்தின் செலவு 800 டாலர்தானே? ஒருவர் வீடு கட்டக் கொண்டுவந்த பணத்தில் முக்கால் பங்கைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டால், அதையும் செங்கல் கணக்கில் எழுதுவீர்களா? 3000 என்று ஒரு மேற்கோளைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர், படத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூவியோலா:
இருவரும் பேட்டியைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஃபிலிமைத் தொட்டு வேலை பார்த்தவன். படம் 16 மி.மீ. கேமராவில் எடுக்கப்பட்டு, பிறகு திரையரங்குக்காக 35 மி.மீ. ஆகப் பெருக்கப்பட்டது. 16 மி.மீ.யில் 400 அடிச் சுருள் ஒன்று 11 நிமிடம் ஓடும். 'தி குக்கூ கிளாக்ஸ் ஆஃப் ஹெல்' என்ற பெயரில் வாட்கின்ஸ் முதலில் தொகுத்த வடிவம் 175 நிமிடம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் அடிகூட வீணாகவில்லை, எல்லா ஷாட்டும் முதல் டேக்கிலேயே ஓகே என்று வைத்துக்கொண்டாலும் அதற்கு 16 சுருள் வேண்டும். அப்படி ஒரு படப்பிடிப்பு பூமியில் நடந்ததில்லை. கச்சா ஃபிலிம், லேபில் கழுவும் கூலி, வெட்டி ஒட்டுவதற்கான வேலைப் பிரதி, முழுப் படத்துக்கும் டப்பிங் என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள். 800 என்பது கச்சா ஃபிலிமுக்கு மட்டும் என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன். மொத்தப் படத்துக்கும் என்றால் மாட்டேன்.

நள்ளிரவு நோக்கன்:
அந்த 175 நிமிட வடிவத்தை நீங்கள் பார்த்தீர்களா? நாம் பார்க்கக் கிடைப்பது சுமார் 78 நிமிடப் படம். அதற்கு ஏழெட்டுச் சுருள் போதும். மாணவர்கள் சம்பளம் இல்லாமல் நடித்தார்கள். நியூயார்க் மாநிலத்து ஒனியோன்டாவில் வாட்கின்ஸ் படித்த கல்லூரியின் பழைய கட்டடம்தான் தளம். முகமூடிகளும் கசாப்புக் கடைக் குடலும்தான் சொத்து. இதில் 800 டாலர் ஏன் போதாது என்று எனக்குப் புரியவில்லை.

செல்லுலாய்ட் சேகரன்:
நான் படம் பார்க்கவில்லை என்று எழுதும் துணிச்சலைப் பாராட்டுகிறேன். அறுவைச் சிகிச்சைக் காட்சியில், மேசையில் கட்டப்பட்ட பெண் மயங்கி விழும்போதெல்லாம் அவளைத் தெளிய வைத்து, அவள் கண் திறந்திருக்கும்போதுதான் அடுத்த வெட்டு என்று டெர்ரி காத்திருக்கிறானே, அந்தக் காத்திருப்பில்தான் அவன் கொலைகாரனாக மட்டுமின்றி இயக்குநராகவும் இருக்கிறான். சுற்றிலும் கும்மிருட்டு, மேசைமேல் மட்டும் விளக்கு, விளக்குக்குப் பின்னால் ஓடும் கேமரா. "இந்தப் படத்தை இயக்குவது நான்" என்று அவன் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டவன் நான். ஆகவே எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூவியோலா அவர்கள் சரியாகவே சொன்னார்கள், ஆனால் முழுவதும் சொல்லவில்லை. 175 நிமிட வடிவம் எடுக்கப்பட்டது என்றால் அதற்கான ஃபிலிம் வாங்கப்பட்டது. பின்னால் வேறு யாரோ கத்தரித்தார்கள் என்பதற்காக வாங்கிய ஃபிலிமின் விலை திரும்பி வந்துவிடாது. 78 நிமிடத்துக்குக் கணக்குப் போடுவது, சாப்பிட்டு முடித்த இலையைக் காட்டி இவ்வளவுதான் சமைத்தோம் என்று சொல்வதற்குச் சமம். 3000 டாலர் கொண்டுவரப்பட்டது, 3000 டாலரும் தீர்ந்தது, முடிவில் ஒரு படம் இருந்தது. ஆகவே 3000.

தேன்மொழி:
ஒரு சந்தேகம். செலவு என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? படப்பிடிப்புச் செலவா, முதல் பிரதி வரையிலான செலவா, 1977இல் திரையரங்குக்கு வந்தபோது விநியோகஸ்தர் போட்டதும் சேர்ந்ததா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இன்னொன்று: 800, 3000 ஆகிய இரண்டும் ஒரே மனிதரின் வாய்மொழி. படத்தில் இயக்குநர் பெயர் விக்டர் ஜேனோஸ் என்று போட்டிருக்கிறது. நடிகர்கள் பெயரும் புனைபெயர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தவர் யாரென்றே தெரியாமல் இருந்து, 2000இல் வாட்கின்ஸ் இணைய விவாதம் ஒன்றில் தானே வந்து "நான்தான்" என்றார். எடுத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துச் சொன்ன கணக்கு இது. இதை வைத்துக்கொண்டா இவ்வளவு பேச்சு?

செல்லுலாய்ட் சேகரன்:
வாய்மொழி என்றால் இரண்டுமே வாய்மொழி. அப்படியிருக்க 800 மட்டும் கட்டுரையில் ஏறியது ஏன், 3000 ஏறாதது ஏன் என்பதே என் கேள்வி.

குறுக்குச்சால்:
நம் கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளர்கள் இந்த இழையைப் படிக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். குழுவினர் தூங்காமல் இரவு பகலாக வேலை செய்ததற்கு அந்த மருந்தே காரணம் என்றால், அது பேட்டா கணக்கில் வர வேண்டிய தொகை. சேகரன் ஐயா பக்கம்தான் நியாயம். ஆனால் மருந்து இயக்குநருக்கு மட்டும் போயிருந்தால் அது அவருடைய சம்பளத்தில் கழிய வேண்டியது. அப்போது நோக்கன் பக்கம் நியாயம். மாத்திரையைப் பங்கிட்ட புரொடக்‌ஷன் மேனேஜரைத் தேடிப் பிடித்தால் ஒழிய இது தீராது.

நள்ளிரவு நோக்கன்:
கேலியில் ஓர் உண்மை இருக்கிறது. 'எல் மரியாச்சி' 7000 டாலர் படம் என்று உலகமே சொல்கிறது. கொலம்பியா நிறுவனம் அதை வெளியிடுவதற்கு முன் ஒலிக்கும் பிரதிக்கும் அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது. அதற்காக ராபர்ட் ரோட்ரிகஸின் 7000 பொய்யாகிவிட்டதா? இயக்குநர் தன் கையால் படத்தில் போட்டதுதான் படத்தின் செலவு. வாட்கின்ஸ் போட்டது 800. சென்ற ஆண்டு, கொலையைப் படம்பிடிக்கும் இன்னொருவன் கதையான 'பீப்பிங் டாம்' விவாதத்திலும் சேகரன் ஐயா இப்படித்தான், அதன் நாயகன் மார்க் லூயிஸ் ஸ்டுடியோவில் ஃபோகஸ் பார்ப்பவன்தான், இயக்குநர் இல்லை என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அந்த இழையையே மூட வைத்தார்.

செல்லுலாய்ட் சேகரன்:
அவன் ஃபோகஸ் பார்ப்பவன்தான். 1960இல் மைக்கேல் பவல் எடுத்த படத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. இயக்குநராக வேண்டும் என்று ஆசைப்படுபவன் இயக்குநர் ஆகமாட்டான். அங்கே பதில் சொல்ல முடியாமல் எழுந்து போனது யார் என்பதை அந்த இழையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

'எல் மரியாச்சி' எடுத்துக்காட்டு உங்களுக்கே எதிரானது. ரோட்ரிகஸ் கொண்டுவந்தது 7000, சொன்னதும் 7000. கொண்டுவந்தது 7000, ஆனால் ஃபிலிமுக்குப் போனது இவ்வளவுதான், ஆகவே அதுதான் படத்தின் செலவு என்று அவர் சொல்லவில்லை. வாட்கின்ஸ் கொண்டுவந்தது 3000.

பரங்கிமலை பாலு:
பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். கொலையைப் படம்பிடித்து ரசிப்பது என்பது நம் 'சிகப்பு ரோஜாக்கள்' கதைதானே? வளர்ப்புத் தந்தை பார்த்து மகிழ்வதற்காக நாயகன் கொலைகளைப் படம்பிடித்து வைக்கிறான். இந்த அமெரிக்கப் படம் 1977, நம் படம் 1978. பாரதிராஜா இதைப் பார்த்துத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தேன்மொழி:
ஓராண்டு இடைவெளியைத் தவிர வேறு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள் பாலு? விநியோகஸ்தர் பெயரை மாற்றி மாற்றி வெளியிட்ட ஒரு 16 மி.மீ. படத்தை 1977இல் சென்னையில் இருந்தவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? தமிழில் எது வந்தாலும் அதற்கு ஓர் அமெரிக்க அப்பனைத் தேடும் பழக்கத்தை விடுங்கள். கொலையை நிஜமாகவே படம்பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அந்த ஆண்டுகளில் செய்தித்தாள் வழியாகவே ஊரெல்லாம் பரவிக்கிடந்தது. 1976இல் ஆலன் ஷாக்கிள்டன் என்ற விநியோகஸ்தர், கிடப்பில் இருந்த ஒரு படத்தின் இறுதியில், படக்குழுவே ஒரு பெண்ணைக் கொல்வது போன்ற காட்சியை ஒட்டவைத்து 'ஸ்னஃப்' என்று பெயரிட்டு, அது நிஜமாக இருக்கலாம் என்று விளம்பரம் செய்தார். மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் ராபர்ட் மார்கன்தா விசாரித்து, அந்த நடிகை உயிரோடு இருக்கிறார் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. எழுபதுகளின் தொடக்கத்திலேயே எடுத்த வாட்கின்ஸ் படம் 1977இல் திரைக்கு வந்ததன் பின்னணியும் இந்தப் பரபரப்புதான் என்பது என் எண்ணம். இதைப் பற்றிப் பேச இவ்வளவு இருக்கும்போது, நீங்கள் எல்லோரும் பற்றுவரவு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பரங்கிமலை பாலு:
அப்பன் என்றெல்லாம் நான் சொல்லவில்லை அம்மா. தோன்றுகிறது என்றுதான் எழுதினேன். இந்தத் தளத்தில் புதியவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை இதுதான் போலும்.

மூவியோலா:
இறுதியில் வரும் பின்னணிக் குரலை யாரும் குறிப்பிடவில்லையே. டெர்ரியும் கூட்டாளிகளும் பிடிபட்டுச் சிறையில் இருக்கிறார்கள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் போகிறது. அது விநியோகஸ்தர் ஒட்டவைத்தது, வாட்கின்ஸ் அதை வெறுத்தார். அந்தக் குரல் பதிவுக்கும் காசு ஆகியிருக்கும். நோக்கன் அவர்கள் 78 நிமிடத்தை வைத்துக் கணக்குப் போடுவதாக இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

நள்ளிரவு நோக்கன்:
அது விநியோகஸ்தர் செலவு, இயக்குநர் செலவு இல்லை. 800.

செல்லுலாய்ட் சேகரன்:
தேன்மொழி அவர்களின் 'ஸ்னஃப்' வரலாறு சுவையானது. தனி இழை தொடங்கினால் அங்கே வந்து எழுதுகிறேன். இங்கே பேசப்படுவது ஒரே ஒரு எண். அந்த எண் தவறாக எழுதப்பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நாளைக்கு ஒரு கல்லூரி மாணவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, 800 டாலர் போதும் என்று நம்பி, வீட்டில் நகையை வைத்துப் படம் எடுக்க இறங்குவார். பாதியில் ஃபிலிமும் தீர்ந்து பணமும் தீர்ந்து நிற்கும்போது நோக்கன் அவர்கள் போய் உதவுவாரா?

குறுக்குச்சால்:
இப்போது எல்லோரும் கைப்பேசியில் எடுக்கிறார்கள் ஐயா. ஃபிலிம் தீர்வதற்கு வழியே இல்லை.

செல்லுலாய்ட் சேகரன்:
கேலி செய்பவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. நோக்கன் அவர்களே, கட்டுரையில் மூன்று இடங்களில் இருக்கும் 800 இன்னும் அப்படியே இருக்கிறது.

நள்ளிரவு நோக்கன்:
இப்போது நான்கு இடங்களில் இருக்கிறது. தலைப்பிலும் சேர்த்துவிட்டேன்.

செல்லுலாய்ட் சேகரன்:
பார்த்தேன். நிர்வாகிகளுக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் பதில் தரும்வரை இந்த இழையில் ஒவ்வொரு நாளும் 3000 என்று எழுதிக்கொண்டே இருப்பேன். 3000.

மூவியோலா:
சேகரன் ஐயா, 16 சுருள் கணக்கை எடுத்துக் கொடுத்தது நான். நிர்வாகிகளுக்கு எழுதிய கடிதத்தில் அதை உங்கள் கணக்காகக் காட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.