சார்ஜ் இருக்கும்போதே கைவிட்ட போன்: உங்களுக்கும் நடந்ததா?

மழைக்காகம்
மூன்று வருடப் போன். 31 சதவீதம் காட்டியது, என் கண்ணால் பார்த்தேன். அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள், நான் வெளியூரில். விடியற்காலை, பல் கிட்டும் குளிர். அக்கா கூப்பிட்டாள். "அம்மாவுக்கு..." என்றாள், திரை கறுத்துவிட்டது. சார்ஜர் தேடிப்பிடித்து உயிர் வர இருபது நிமிஷம். வந்ததும் 29 சதவீதம் என்கிறது! அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் அந்த இருபது நிமிஷம் முடிந்தபாடில்லை. சார்ஜ் இருக்கும்போதே ஏன் அணைந்தது?

கீழைக்காற்று
படிக்கவே பதறுகிறது, சகோ. சார்ஜ் இருந்திருக்கும், கேட்ட வேகத்துக்கு அதை எடுத்துக் கொடுக்கத்தான் பேட்டரியால் முடியவில்லை. வயதாக ஆக பேட்டரிக்குள் மின்சாரம் ஓடுவதற்கான தடை கூடும், குளிரில் இன்னும் கூடும். திரை, சிக்னல், அழைப்பு எல்லாம் ஒரே நொடியில் இழுத்தால் வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டதே, அப்படிக் குறைத்தது இந்தத் திடீர் அணைவைத் தடுக்கத்தான்.

எனக்கு ரயிலில் நடந்தது. 80-ல் ஏறினேன், ராத்திரி முழுக்கத் தொடவே இல்லை. சட்டைப்பையில் இருந்த போன் நெஞ்சைச் சுட்டதில்தான் விழித்தேன். 9 சதவீதம். காட்டுப் பாதையில் டவர் கிடைக்காமல் தேடித்தேடி, எட்டாத டவருக்கு முழு பலத்தில் கத்தியே தீர்ந்திருக்கிறது. காலையில் வேலைக்குச் சேர வேண்டிய முகவரி அதற்குள். அன்றிலிருந்து ரயிலேறினால் விமானப் பயன்முறைதான்.

பழையதபால்
இருவரும் செய்த தவறு ஒன்றே. புதுப் போனை முழுதாகத் தீரவிட்டு, பிறகு நூறு வரை ஏற்றிப் பழக்க வேண்டும். என் முதல் போன் அப்படித்தான் ஆறு வருடம் உழைத்தது.

வெண்கலமணி
ஐயா, கோபிக்க வேண்டாம், இதை மறுத்தே ஆகவேண்டும். அது நிக்கல்-காட்மியம் என்ற பழைய வகை பேட்டரி காலத்துப் பழக்கம். அதற்குத்தான் எப்போதும் பாதியில் சார்ஜ் போட்டால் அந்தப் பாதியையே முழு அளவென்று எடுத்துக்கொள்ளும் 'ஞாபக'த் தொல்லை. இப்போது எல்லாம் லித்தியம்-அயான், 1991-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அதை அடிமட்டம் வரை வற்றவிடுவதுதான் கெடுதல். நூறிலேயே மணிக்கணக்கில் நிறுத்துவதும் கெடுதல், பேட்டரி உச்ச வோல்டேஜின் இறுக்கத்திலேயே இருக்கும். இதோடு சூடும் சேர்ந்தால் சீக்கிரம் மூப்புத் தட்டும். இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவே வைத்திருங்கள். சார்ஜ் ஏறும்போது கேம் வேண்டாம், தலையணைக்கடியில் வேண்டாம். பின்னணி ஆப்களை நிமிஷத்துக்கொருதரம் தள்ளி மூடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், திரும்பத் திறக்கும்போது கூடுதலாகத்தான் செலவாகும்.

இவ்வளவு பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. காரின் முன்கண்ணாடியடியில், வெயிலில், மேப் ஓடிக்கொண்டே, சார்ஜரும் செருகியபடி மூன்று கோடை வைத்திருந்தேன். ஒருநாள் மேசையில் வைத்துத் தொட்டால் போன் பம்பரமாய்ச் சுற்றுகிறது. உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி உப்பி, பின்மூடியைத் தூக்கிவிட்டது. என் மகள் அதை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி மூடப் பார்த்தாள். பாய்ந்து பிடுங்கினேன். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். அந்தச் சின்ன விரல்களை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

பழையதபால்
பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். ஆனால் என் ஆறு வருடமும் பொய்யில்லை.

நள்ளிரவு
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அப்பா இறந்ததும் அவர் போனை அணைத்து அலமாரியில் வைத்தோம். இரண்டு வருடம் கழித்து நேற்று எடுத்தேன். எந்தச் சார்ஜர் போட்டாலும் அசைவில்லை. அவர் குரல் பதிவுகள் அதில்தான் இருக்கின்றன. எல்லாம் போய்விட்டதா?

கீழைக்காற்று
இல்லைங்க. சும்மா கிடந்தாலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். ஓர் அளவுக்குக் கீழே போனால் பேட்டரியின் பாதுகாப்பு மின்சுற்று சார்ஜ் ஏற்றவே விடாது. செத்தது பேட்டரி. பதிவுகள் இருக்கும் சிப்புக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் அழிவில்லை. வேறு கோளாறு இல்லையென்றால் புது பேட்டரியில் திறக்கும். நீங்களே பிரிக்காதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ரீசெட் மட்டும் செய்ய விடாதீர்கள். திரைப்பூட்டு எண் தெரியுமா?

நள்ளிரவு
தெரியும். அம்மா பிறந்த வருடம்.