மஞ்சளித்த இட்லிப்பூச் செடிகள்: எங்கள் வீட்டு அனுபவம்

சேலையூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் அம்மா பிறந்த நாகர்கோவில் பக்கத்தில் இட்லிப்பூவைத் தெச்சி என்பார்கள். அங்கே அதற்கென்று யாரும் மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை; வேலியோரத்தில் ஊன்றிய குச்சி, செம்மண்ணின் குணத்தாலும் மழையாலும் தானே அடர்ந்து, ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நின்று பூக்கும். அந்த நம்பிக்கையில்தான் 2019இல் புதுவீட்டுக்குக் குடிவந்ததும் சுற்றுச்சுவரை ஒட்டி ஆறு செடிகளை நட்டேன். ஓராண்டுக்குள் ஆறும் மஞ்சளித்துவிட்டன.

அடியிலுள்ள முற்றிய இலைகள் பச்சையாகவே இருந்தன. நுனியில் வந்த தளிர்கள்தான் வெளுத்தன. அவற்றிலும் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. உரம் போதவில்லை என்று எண்ணித் தொழுவுரம் இட்டேன், பிறகு எலும்புத்தூளும் இட்டேன். எலும்புத்தூளில் இருப்பது சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்). இரண்டுமே இந்த நோயை வளர்ப்பவை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பழைய இரும்பு ஆணிகளைப் புதைக்கச் சொன்ன அண்டை வீட்டார் பேச்சையும் கேட்டேன். பயன் இல்லை.

ஒரு செடியைப் பெயர்த்தபோதுதான் காரணம் கையில் தட்டுப்பட்டது. ஒரு சாண் ஆழத்தில், கொத்தனார்கள் கொட்டிவிட்டுப் போன சிமெண்ட் கலவை கட்டி கட்டியாகக் கிடந்தது. வேர்கள் அதைச் சுற்றி வளைந்து போயிருந்தன. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் கார அமிலநிலை 8.3 என்று வந்தது; 7க்கு மேல் போனால் காரம். சிமெண்டிலுள்ள சுண்ணாம்புதான் மண்ணைக் காரமாக்கியிருந்தது. இட்லிப்பூ புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. காரம் ஏறிய மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் அது கரையாத வடிவில் பூட்டிக்கொள்வதால் வேரால் உறிஞ்ச முடியாது. இரும்பு கிடைக்காமல்தான் தளிர்கள் வெளுத்தன. நான் புதைத்த ஆணிகளும் துருவாகவே நின்றது அதனால்தான்.

சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் புதிய குழிகள் எடுத்துச் செம்மண்ணும் இலைமக்கும் நிரப்பிச் செடிகளை மாற்றி நட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளில் தெளித்தேன். பத்து நாள்களில் நீர்த்துளி பட்ட இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாகப் பச்சை ஏறியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கரைசல் தரையில் பட்டால் பழுப்புக் கறை போகவே போகாது என்பதால், தெளிக்கும்போது ஓடுகளின்மேல் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் செடிகள் நல்ல பச்சையாக இருந்தும் பூக்கவில்லை. வேலி சதுரமாகத் தெரியவேண்டும் என்று மாதந்தோறும் கத்தரித்து வந்தோம். பூங்கொத்து கிளை நுனியில்தான் உருவாகும் என்பதால், மொட்டு வரும் இடத்தையே ஒவ்வொரு முறையும் வெட்டியிருக்கிறோம். இப்போது ஒரு சுற்றுப் பூ வாடியபின் மட்டும் இலேசாகக் கத்தரிக்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஊரின் நிலமே சுண்ணாம்புக்கல் என்பதால், குழியில் மண்ணை மாற்றினாலும் கிணற்றுத் தண்ணீர் அதே குறையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. வாளியின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே விளங்கும். ஆகவே நான் வெட்சியை (இட்லிப்பூவை) பெரிய சட்டிகளில் வைத்து, கூரையிலிருந்து விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து ஊற்றுகிறேன். மழைநீர் தீர்ந்துபோகும் மாதங்களில் தளிர் சற்று வெளுக்கும்; அப்போது செலேட் இரும்பை, அதாவது எளிதில் பூட்டிக்கொள்ளாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பை, வேரில் விடுகிறேன். அதிலும் ஈ.டி.டி.எச்.ஏ. வகையைக் கேட்டு வாங்குங்கள், காரமான மண்ணில் மற்ற வகைகள் விரைவில் வலுவிழந்துவிடும்.