பூனை சுற்றும் வீட்டில் கையாலேயே பேட்ச்வொர்க் போர்வை: நூல், ஊசி, முடி சந்தேகங்கள்

நூல்கண்டு22:
பச்சைக்குழந்தை இருக்கும் ஒரு வீட்டுக்குப் பரிசாக ஒரு சின்ன பேட்ச்வொர்க் (துணிச்சதுரங்களைச் சேர்த்துத் தைக்கும்) போர்வை தைக்க வேண்டும். மிஞ்சும் துணியில் இரண்டு மூன்று சில்லறைப் பரிசுகளும். மெஷின் இல்லை, முழுக்கக் கைத்தையல். வீட்டில் இரண்டு பூனைகள். பெரியது துணியை விரித்தால் போதும், நடுவில் போய்ப் படுத்துவிடும். எட்டு மாதக் குட்டிக்கு நூல் அசைந்தாலே பாய்ச்சல்தான். சாத்திக்கொண்டு தைக்கத் தனி அறை கிடையாது.

என்ன அளவு எடுத்தால் துணி வீணாகாது? மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் தரையில் விரித்து இணைக்கும் கட்டத்தை எப்படித் தாண்டுவது? முடி ஒட்டாமல் இருக்க வழி உண்டா?

கத்தரிமுனை:
36 அங்குலச் சதுரமாக வைத்துக்கொள்ளுங்கள். பலரும் 40க்குப் போய்விட்டு அடித்துணியில் மாட்டிக்கொள்வார்கள். கடையில் கிடைக்கும் காட்டன் பெரும்பாலும் 44 அங்குல அகலம், ஓரக்கரை போனால் 42. போர்வையைவிட அடித்துணி எல்லாப் பக்கமும் 3 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். 36 என்றால் 42, ஒட்டு இல்லாமல் ஒரே துண்டில் முடிந்தது.

தைத்து முடித்தபின் 4 அங்குலம் நிற்க வேண்டிய சதுரத்தை 4½ அங்குலமாக வெட்ட வேண்டும். நாலு பக்கமும் கால் அங்குலம், அதாவது 6 மிமீ, தையலுக்குப் போகும். 9 வரிசை, வரிசைக்கு 9, மொத்தம் 81 சதுரம். 42 அங்குல அகலத்தில் ஒரு பட்டைக்கு 9 சதுரம் வரும், ஆக 9 பட்டை, 40½ அங்குலத் துணி. வெட்டுப்பிழைக்கும் சேர்த்து ஒன்றேகால் மீட்டர் போதும். பல வண்ணம் என்றால் இதையே பிரித்துக்கொள்ளலாம். ஓரப்பட்டிக்கு 2½ அங்குல அகலத்தில் நாலு பட்டை.

வெட்டும் முன் எல்லாத் துணியையும் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். காட்டன் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும், அதுவும் துணிக்குத் துணி வேறுபடும். சிவப்பு, கருநீலம் இரண்டையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி இந்த வேலைக்கு வேண்டாம்.

நகம் மாட்டாத துணி என்றால் நெருக்கமாக நெய்த பாப்ளின் ரகம்தான். சிஃபான், கிரேப், தளர்வான லினன் எல்லாம் ஒரே நாளில் இழை உருவிவிடும். இழை வெளியே வந்துவிட்டால் வெட்டாதீர்கள், வெட்டினால் அங்கே ஓட்டை விழும். ஊசிமுனையால் பின்பக்கம் இழுத்துத் தள்ளிவிடுங்கள்.

முடிச்சவிழ்:
அளவு சரி. நூல் விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் ஊசியைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் ஊசியைவிட நூல்தான் ஆபத்து.

பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் உள்பக்கமாகச் சாய்ந்தவை. நூலின் ஒரு நுனி வாய்க்குள் போனால் துப்பத் தெரியாது, அடுத்தடுத்து விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு பகுதி நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலோ சிக்கிக்கொள்ள, மீதி குடலுக்குள் இறங்கும். குடல் அசைய அசைய, பாவாடை நாடாவில் துணி சுருங்குகிற மாதிரி அந்த நூலின் மேல் குடல் சுருங்கி ஏறும். கடைசியில் நூல் குடற்சுவரை அறுத்துவிடும்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் முயற்சிக்க வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், நூல் தெரியாது. அதனால் எவ்வளவு நீள நூல், என்ன ரகம், ஊசி கோத்திருந்ததா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டாலும், திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாமை, எச்சில் வடிதல், வாயைக் காலால் தேய்த்தல், ஒளிந்துகொள்ளுதல் இதெல்லாம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

இப்போது உங்கள் போர்வைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரங்களை வரிசையாக்க 72 தையல், ஒவ்வொன்றும் 4 அங்குலம், 288. வரிசைகளை இணைக்க 8 தையல், ஒவ்வொன்றும் 36, இன்னொரு 288. மொத்தம் 576 அங்குலம். 18 அங்குல நூலில் முடிச்சும் வாலும் போக 13 அங்குலம்தான் தையலாகும். ஆக ஏறக்குறைய 45 தடவை ஊசியில் நூல் கோக்கிறீர்கள், 45 தடவை வால் வெட்டுகிறீர்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் 6 மிமீ உள்தள்ளிச் சுற்றிக் குவில்டிங் (மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்) தைத்தால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 1,134 அங்குலம். மொத்தமாக 130 நூல்வால். அதில் ஒன்று சோபா இடுக்கில் விழுந்தாலும் குட்டி எடுத்துவிடும்.

ஆகவே மூடியில் கீறல் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா மடிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வெட்டிய வால் கையைவிட்டு அந்தக் கீறலுக்குள்தான் போக வேண்டும். மடியில், துணியில், கைப்பிடிமேல் வைக்கவே வேண்டாம். நிரம்பியதும் மூடியுள்ள குப்பைத்தொட்டியில் கொட்டுங்கள்.

ஊசி: ஒரு சமயத்துக்கு மூன்றே மூன்று. ஆரம்பிக்கும்போது எண்ணுங்கள், எழுந்திருக்கும் முன் எண்ணுங்கள், தண்ணீர் குடிக்கப் போனாலும்தான். நூல் கோத்த ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பஞ்சு ஊசிமெத்தையும் வேண்டாம், கலர் கொண்டைக் குண்டூசிகளைப் பூனை பல்லால் உருவும். மூடியின் உள்பக்கம் காந்தம் ஒட்டிய தகர டப்பா நல்லது. கடைசியில் தரையில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பித்தளைக் குண்டூசி காந்தத்தில் ஒட்டாது, அதனால் எஃகு மட்டும் வாங்குங்கள்.

மடிமேல்தையல்:
விரிக்கிற பிரச்சினைக்கு என் பதில்: விரிக்கவே விரிக்காதீங்க. 36ஐ 12 அங்குல பிளாக்காப் பிரிச்சா ஒன்பது பிளாக். ஒவ்வொண்ணும் மூணுக்கு மூணு சதுரம். ஒவ்வொரு பிளாக்கையும் தனியா அடுக்கி, தனியாக் குவில்ட் பண்ணி, கடைசில இணைங்க. ஒரு பிளாக் மடில அடங்கும், மூடி போட்ட டப்பாவுலயும் அடங்கும். பெரியவர் படுக்க மெத்தையே கிடைக்காது.

அளவு இப்படி. மேல்துணி பிளாக் 12½. பஞ்சு விரிப்பு 12½. அடித்துணி 13½. 42 அகலத்துல மூணு துண்டு வரும், மூணு பட்டைக்கு 40½, மேல்துணி மாதிரியே அடித்துணிக்கும் தனியா ஒன்றேகால் மீட்டர் போதும்.

பிளாக் தைக்கிறது: துணியோட பின்பக்கம் 6 மிமீ கோட்டைப் பென்சில்ல போடுங்க. மூலைப்புள்ளில ஆரம்பிச்சு மூலைப்புள்ளில நிறுத்தணும், துணி விளிம்பு வரைக்கும் போகக்கூடாது. அங்குலத்துக்கு 8 ஓட்டுத்தையல், அஞ்சு தையலுக்கு ஒரு கெட்டித்தையல் (ஒரு தையல் பின்னால போய்க் குத்தி எடுக்கிறது), ஆரம்பத்துலயும் முடிவுலயும் ரெண்டு. கெட்டித்தையல் விட்டுட்டா ஒரு இடத்துல நூல் அறுந்ததும் அந்த வரிசை பூராவும் வாயைப் பிளக்கும். முதல் வரிசையோட மடிப்பை வலப்பக்கம் சாய்ச்சு இஸ்திரி போட்டா அடுத்த வரிசையை இடப்பக்கம். அப்பத்தான் சந்திப்புல மடிப்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு உட்காரும், முண்டு வராது.

ஊசி, இணைக்க ஷார்ப்ஸ் 9 இல்ல 10. குவில்டிங்குக்கு பிட்வீன்ஸ் 9, குட்டையா இருக்கும். நம்பர் ஏற ஏற ஊசி சின்னதாகும்.

அடுக்கும்போது ஊக்கு போடுங்க, சதுரத்துக்கு ஒண்ணு, பிளாக்குக்கு 9. ஒன்பது போட்டா ஒன்பது எடுக்கணும், எட்டு வந்தா எழுந்திருக்காதீங்க. தற்காலிகமா நீள நீளமா நூல் ஓட்டி வைக்கிற முறை வேண்டவே வேண்டாம், பிரிக்கும்போது முழ முழமா நூல் வரும், குட்டிக்குத் திருவிழா.

வெளிவிளிம்புல ஒரு அங்குலம் குவில்ட் பண்ணாம விடுங்க. இணைக்கும்போது பஞ்சையும் அடித்துணியையும் பின்னாடி மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு மேல்துணி ரெண்டை மட்டும் தைங்க. திருப்பிப் போட்டு, பஞ்சு ரெண்டும் முட்டி நிக்கிற மாதிரி தையல் கோட்டுல நறுக்குங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா அந்த இடம் வரப்பு மாதிரி தடிக்கும். அப்புறம் ஒரு அடித்துணியைத் தட்டையா விட்டு, இன்னொண்ணை 6 மிமீ மடிச்சு அதுமேல வச்சு எம்மிங். விட்டுவச்ச குவில்டிங்கைக் கடைசில முடிங்க.

இன்னொண்ணு. குட்டி பாயறது நூலைப் பார்த்து இல்ல, கையை வீசி நூலை இழுக்கிற அந்த வீச்சைப் பார்த்து. நூலை 12 அங்குலமாக் குறைங்க. கோக்கிற தடவை கூடும், ஆனா கை முழங்கைக்கு மேல போகாது. மேல இழுக்காம மடிப்பக்கமா, தாழ்வா இழுங்க. தைக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் விளையாடவிட்டு, சாப்பாடு போட்டுட்டு உட்காருங்க. சாப்பிட்டதும் தூங்கும்.

நூல்கண்டு22:
பிளாக் யோசனை அருமை. ஒரு சந்தேகம். குவில்டிங் 1,134 அங்குலம் என்றதும் கை வலிக்கிறது. சதுரத்துக்கு ஒன்றாக நடுவில் கம்பளி நூல் முடிச்சுப் போட்டு நிறுத்தினால் போதாதா? பஞ்சு விரிப்பில் எது? குழந்தைக்குக் கொடுப்பதால் பூனை முடியும் கவலையாக இருக்கிறது.

முடிச்சவிழ்:
முடிச்சுப் போர்வை பூனை இல்லாத வீட்டுக்கு. 81 முடிச்சு, ஒவ்வொன்றிலும் தொங்கும் இரண்டு வால், பூனை மெல்வதற்கு 162 கம்பளித்துண்டு. குழந்தை வாய்க்கும் அதே கதைதான். கை வலித்தால் சதுரத்தைச் சுற்றித் தைக்காமல் ஒரு மூலைவிட்டம் மட்டும் தையுங்கள், பாதிக்கும் கீழே வந்துவிடும்.

வெண்பஞ்சு:
மெல்லிய காட்டன் பேட்டிங் (பஞ்சு விரிப்பு) எடுங்கள். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று உறையில் போட்டிருக்கும், அதைத் தாண்டினால் துவைக்கும்போது பஞ்சு உருண்டு மூலையில் கட்டிக்கொள்ளும். கம்பளி பேட்டிங் வேண்டாம். சில பூனைகள், குறிப்பாக சயாமீஸ் ரகம், கம்பளியைக் கடித்துச் சப்பும்.

முடி விஷயம். போர்வைக்கு வெளியே ஒட்டும் முடி துவைத்தால் போகும். உள்ளே மாட்டுகிற முடிதான் போகாது. வெள்ளைச் சதுரத்துக்கு அடியில் ஒரு கறுப்பு முடி சிக்கினால் கீறல் மாதிரி தெரியும், பிரிக்காமல் எடுக்க முடியாது. அதனால் பஞ்சை உறையைவிட்டு எடுத்த உடனே வெட்டி, அடுக்கி, ஊக்கு போட்டுவிட வேண்டும். அடுக்கும் முன் ஒவ்வொரு அடுக்கையும் ஈர ரப்பர் கையுறையால் ஒரே திசையில் தடவுங்கள், முடி சுருண்டு வந்துவிடும்.

ஒவ்வாமைக்குக் காரணம் முடி இல்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம். தன்னைத்தானே நக்கும்போது முடியில் ஏறி, காய்ந்து, தூசியாகப் பறக்கும். முடியே தெரியாத துணியிலும் இருக்கும். முடிந்ததும் போர்வையைத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, அன்றே மூடிய பையில் போடுங்கள். துவைத்தால் குறையும், அறவே போய்விடும் என்று உறுதி தர முடியாது. பூனை இருக்கும் வீட்டில் தைத்தது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பதுதான் முறை.

இன்னொன்றையும் சொல்லுங்கள்: ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தைமேல் போர்வை போடக்கூடாது, தொட்டிலிலும் வைக்கக்கூடாது. தரையில் விரித்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது விளையாடவிடலாம்.

வேலை நடுவில் பூனை சிறுநீர் கழித்துவிட்டால் குளிர்ந்த நீரில் அலசி, என்சைம் கிளீனரில் ஊறவையுங்கள். பிளீச் ஊற்றாதீர்கள், சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு வரும். வாசனை முழுக்கப் போகும்வரை இஸ்திரி வேண்டாம். எடுத்து வைக்கும்போது நாப்தலீன் உருண்டையும் வேண்டாம், பூனைக்கு விஷம்.

கத்தரிமுனை:
மிஞ்சும் துணிக்கு: 4½ அங்குலச் சதுரம் இரண்டு, நடுவில் காட்டன் பேட்டிங், ஒரு டம்ளர் விரிப்பு. சூடான பாத்திரம் வைப்பதாக இருந்தால் இரண்டு அடுக்கு காட்டன் பேட்டிங், பாலியெஸ்டர் சூட்டில் உருகும்.

பூனை வளர்ப்பவருக்குப் பரிசு என்றால் உதைதலையணை. 12க்கு 4 அங்குலம், பின்னங்காலால் உதைக்க அந்த நீளம் வேண்டும். தையல் முழுக்கக் கெட்டித்தையலாக, இரண்டு வரிசை. உள்ளே கேட்னிப் (பூனைகளைக் கிறங்கவைக்கும் ஒரு செடியின் காய்ந்த இலை) ஒரு மேசைக்கரண்டி, தனியாகத் தைத்த சின்னப் பைக்குள். சுற்றிலும் ஒரு அங்குலத் துணித்துண்டுகள், நூல்துண்டை அடைக்காதீர்கள். பட்டன், மணி, ரிப்பன் எதுவும் கூடாது, கண் மூக்கு வேண்டுமானால் சாயத்தால் வரையுங்கள். எல்லாப் பூனைக்கும் கேட்னிப் பிடிக்காது, மூன்றில் இரண்டுக்குத்தான். ஆறு மாதத்துக்குக் கீழ் குட்டிகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கடைசியில் மூடும் வாயைப் பக்கவாட்டில் விடுங்கள். முனையில் விட்டால் அங்கேதான் முதலில் பல் போடும்.