அல்சூர் வீட்டுக் குழு: எட்டுத் தந்தி கிட்டார்

நான்: பெரியப்பா, வணக்கம். டோசின் அபாசி என்ற கிட்டார் கலைஞரின் 'அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ்' ஆல்பத்தை நேற்று இரவு இந்தக் குழுவில் பகிர்ந்திருந்தேன். 2009-இல் வெளிவந்த அதில் பாடகரே கிடையாது; முழுக்க வாத்திய இசைதான். நாற்பது ஆண்டுகளாக மிருதங்கம் வாசிக்கும் நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பெரியப்பா: காலையில் ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடி முதல் உருப்படியைக் கேட்டேன். மூன்று இடங்களில் கை தவறியது. மறுபடி முதலிலிருந்து போட்டேன். கிட்டார் என்கிறாய், ஆனால் அடியில் ஒலிப்பது பேஸ் கிட்டாரின் தந்தி போலல்லவா இருக்கிறது?

நான்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள். வழக்கமான கிட்டாருக்கு ஆறு தந்திகள், அவருடையதற்கு எட்டு. பல உருப்படிகளில் எட்டாவது தந்தியை, ஆறு தந்திக் கிட்டாரின் அடித்தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழே, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கிறார். பேஸ் கிட்டாரின் அடித்தந்தியும் அதே சுருதிதான்.

சித்ரா அத்தை: எனக்குப் பெரும்பாலும் இரைச்சலாகவே கேட்டது. இடையிடையே திடீரென்று அடங்கி வரும் பகுதிகள் மட்டும் மனத்தில் நின்றன.

பெரியப்பா: சித்ரா, இரைச்சலை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் கேட்டுப் பார். இந்த வகை இசையில் டிரம்ஸ் நான்கு நான்காக நடக்கும்போது கிட்டார் 'தகதகிட' என்று ஐந்து ஐந்தாகப் போனால், இருபது மாத்திரை முடிந்த பிறகுதான் இரண்டும் சமத்தில், அதாவது ஒரே தொடக்க அடியில், வந்து சேரும். கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் நீ கண்ணை மூடிக் கேட்கிறாயே, அதே சுகம்தான் இதிலும் இருக்கிறது. கார்த்திக், டிரம்ஸ் வாசித்தவர் யார்?

நான்: சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று தயங்கினேன். அந்த ஆல்பத்தில் டிரம்ஸை யாரும் உட்கார்ந்து வாசிக்கவில்லை. பெரிஃபரி என்ற இசைக்குழுவின் மிஷா மன்சூர்தான் கணினியில் அமைத்தார், தயாரிப்பும் அவருடையதே.

பெரியப்பா: வருத்தம்தான், மறைக்க மாட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வாசிப்பை முடிக்கும் தீர்மானத்துக்கு வருவது கணினிக்கு வராது. எதிரே ஓர் ஆள் இருந்திருந்தால் கிட்டார் இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும். ஆனாலும் அந்தப் பிள்ளையின் வலது கையில் லயம் சுத்தமாக இருக்கிறது.

நான்: தனி ஆல்பம் செய்யும்படி இசை நிறுவனம் கேட்டபோது, அது வெறும் சுயபெருமையாகிவிடும் என்று முதலில் மறுத்தவர் அபாசி. அட்லாண்டாவில் இசை படித்த பிறகே ஒப்புக்கொண்டார். அத்தனை வேகத்திலும் மெட்டு தொலையாமல் இருப்பதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். 2014-இல் வந்த 'தி ஜாய் ஆஃப் மோஷன்' ஆல்பத்தில் மாட் கார்ஸ்ட்கா என்பவர் டிரம்ஸ் வாசித்திருக்கிறார், பெரியப்பா.

பெரியப்பா: அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. ஹெட்போன் வேண்டாம், பெரிய ஸ்பீக்கரில் போடலாம். நான் மிருதங்கத்துக்கு ரவை பூசி வைக்கிறேன்.

சித்ரா அத்தை: அண்ணா, நானும் வருகிறேன். அந்த 'தகதகிட' எங்கே வருகிறது என்று எனக்குக் கையில் போட்டுக் காட்டுங்கள்.