கேட்காத மர்மரை (லப்-டப்புடன் இதயத்தில் கேட்கும் கூடுதல் இரைச்சலை) "கேட்கிறது சார்" என்று எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கடைசிபெஞ்ச் இன்டர்ன்:

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது, நான் வார்டுக்குப் போகத் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஸ்டெத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காதில் மாட்டுவது என்பதே அப்போதுதான் பழகியிருந்தது. அப்புறம் எல்லாம் லேப்டாப்பில்தான்.

ஒரு வகுப்பு மட்டும் மறக்கவே இல்லை. மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதாவது இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போகும் நோய். சார் ஒரு ஆடியோவைப் போட்டுவிட்டு, "தூரத்தில் இடி உருளுகிற மாதிரி இருக்கும், எல்லாருக்கும் கேட்கிறதா?" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வால்யூமை முழுசாக ஏற்றினேன். ஸ்பீக்கரில் காதை வைத்தேன். லேப்டாப் ஃபேன் சுற்றுகிற சத்தம்தான் வந்தது. அதற்குள் சாட்டில் "கேட்கிறது சார்", "யெஸ் சார்" என்று மளமளவென்று விழுந்துகொண்டிருந்தது. நானும் தட்டிவிட்டேன்.

தியரியில் குறையில்லை. அதே மர்மரைப் பற்றி நாலு பக்கம் எழுதி நல்ல மார்க்கே வாங்கினேன். இப்போது இன்டர்ன். போன வாரம் ரவுண்ட்ஸில் அதே கேஸ். சீனியர் அக்கா ஸ்டெத்தை வைக்கச் சொல்லி, "கேட்குதா?" என்றார். யோசிக்கும் முன்பே "கேட்குது அக்கா" என்று வாயில் வந்துவிட்டது.

உங்கள் பேட்சிலும் இப்படித்தானா? இனிமேல் இதை எப்படிச் சரிசெய்வது? வீடியோ லிங்க் வேண்டாம், அது நிறையவே சேர்த்து வைத்திருக்கிறேன்.

மறுபடி ப்ளே:

பழியை ஆன்லைன் மேல் மட்டும் போடாதீர்கள். எனக்கு அது நல்லதே செய்தது. பிரேக்கியல் பிளெக்ஸஸை (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) நேர் வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். ரெக்கார்டிங்கில் நிறுத்தி நிறுத்தி, சி5 முதல் டி1 வரையுள்ள நரம்பு வேர்களை நானே வரைந்து பார்த்து, நாலாவது முறையில்தான் பிடிபட்டது. கூட்டத்தில் கையைத் தூக்கவே மாட்டேன், ஆனால் சாட்டில் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

அப்புறம், வார்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகுதான். அங்கேயும் எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்காததைக் கேட்டதாகச் சொல்வது கோவிட்டுக்கு முன்பே இருந்த வியாதி. (1816இல் ஸ்டெத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதே நோயாளியின் மார்பில் நேராகக் காதை வைக்கக் கூச்சப்பட்டுத்தான். ஸ்டெத்தே தள்ளி நின்று கேட்க வந்த கருவிதானே!)

ஒலிப்பித்தன்:

மருத்துவ மாணவன் இல்லை, ஆடியோ வேலை செய்கிறவன். உங்கள் காதில் கோளாறு இல்லை. மீட்டிங் ஆப்கள் பேச்சுக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தை இரைச்சல் என்று வெட்டும். சீரான மெல்லிய உருமலை ஃபேன் சத்தம் என்றே நினைத்துக்கொள்ளும். இதய ஒலிகளில் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த இடத்தில் தொண்டையே கிடையாது. ஜூமில் "ஒரிஜினல் சவுண்ட்" என்று ஒன்று உண்டு. அதைப் போட்டு, கேட்பவரும் நல்ல ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால் ஓரளவு வந்திருக்கும்.

பழைய வாத்தியார்:

அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடியோ போட்டவர்களில் நானும் ஒருவன். என் ஹெட்ஃபோனில் அருமையாகக் கேட்டது. திரையில் எண்பது கறுப்புக் கட்டங்கள், ஒரு முகம் இல்லை. நேரில் என்றால், கேட்காத மாணவன் கண்ணை ஒரு மாதிரி சுருக்குவான், பார்த்ததும் தெரிந்துவிடும். சாட்டில் "கேட்கிறது" என்று வந்ததும் நிம்மதியாக அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். அந்த நிம்மதி இப்போது உறுத்துகிறது.

சரி, செய்ய வேண்டியது. அந்த சீனியரிடம் போய் "கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். நோயாளியிடம் அனுமதி கேட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். ஏபெக்ஸை (மார்பில் இதய நுனி துடிக்கும் இடம்) விரலால் தேடிக் கண்டுபிடித்து, அங்கே ஸ்டெத்தின் பெல்லை, அதாவது குழிவான பக்கத்தை வையுங்கள், அழுத்தாமல். அழுத்தினால் அடியில் தோல் இறுகி, ஸ்டெத்தின் மறுபக்கத்துத் தட்டையான டயஃப்ரம் மாதிரி ஆகிவிடும், நீங்கள் தேடுகிற தாழ்ந்த ஒலியே போய்விடும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொரு கை கழுத்திலுள்ள கரோட்டிட் நாடியில் இருக்கட்டும். நாடி துடிப்பது சிஸ்டோல் (இதயம் சுருங்கும் நேரம்), உருமல் அதற்குப் பிந்தைய இடைவெளியில் வரும். கூடவே தினமும் நல்ல இதயங்கள் நாலைந்தைக் கேளுங்கள். சாதாரணம் காதில் ஊறாமல் அசாதாரணம் பிடிபடாது.

கடைசிபெஞ்ச் இன்டர்ன்:

இன்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "எனக்கும் முதல் ஆறு மாசம் கேட்கல" என்றார். நோயாளி ஒரு பெரியவர். சம்மதித்து, அவராகவே இடது பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைவிட அவருக்கு முறை நன்றாகத் தெரிந்திருக்கிறது. பெல்லைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன். முதலில் என் விரல் குழாயில் உரசுகிற சத்தம். விரலை எடுத்தேன். லப்-டப். அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று, ஒலி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு புரளல். அதுதானா என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். அதற்குள் பெரியவர் என் கையைத் தட்டினார். "மூச்சை இன்னும் எவ்வளவு நேரம்மா பிடிக்கணும்?"