மழைக்கு அப்புறம் கார்ப்பெட்டில் மடிப்பு, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

குடந்தைவாசி:
எங்கள் மாடி அறையில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஐப்பசி அடைமழையில் ஜன்னலையே திறக்க முடியவில்லை, மழை விட்டதும் பீரோவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டோம், அன்றிலிருந்து நிலைப்படியில் ஆரம்பித்து கட்டில் கால் வரைக்கும் வரப்பு மாதிரி ஒரு மடிப்பு. இரண்டு விரல் உயரம் இருக்கும். நேற்று அம்மாவுக்குக் கால் தடுக்கிவிட்டது, நல்லவேளை கட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மிக்கல்லை மூன்று நாள் ஏற்றி வைத்தேன், எடுத்த மறுநாளே எழும்பிவிட்டது. இஸ்திரி போடலாமா?

திருவாரூர் அக்கா:
தம்பி, இஸ்திரி வேண்டவே வேண்டாம். நிறைய கார்ப்பெட் பாலிப்ரொப்பிலீன் இழை, 160 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். பருத்திக்கு வைக்கிற சூடு அதைவிட அதிகம். என் கார்ப்பெட்டில் பெட்டியின் முக்கோணம் அப்படியே பதிந்து, தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி சொரசொரவென்று இருக்கிறது.

தஞ்சை தரைவேலை:
பாரம் வைத்தால் போகாது சார். துணி தளர்ந்து நீளம் கூடிவிட்டது, ஓரிடத்தில் அமுக்கினால் பக்கத்தில் எழும்பும். அந்த நீளத்தைச் சுவர் ஓரத்துக்கு இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். முதலில் ஒரு மூலையைக் குறடால் மெதுவாகத் தூக்கி, அடியில் ஆணிப்பட்டை (கார்ப்பெட் ஓரத்தை மாட்டிப் பிடிக்க, ஆணி முனைகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பட்டை) இருக்கிறதா, வெறும் பசையா என்று பாருங்கள்.

குடந்தைவாசி:
பார்த்தேன் அண்ணே. ஆணிப்பட்டை கிடையாது, சுவர் ஓரத்தில் மட்டும் பசை, அதுவும் காய்ந்து பொடியாக உதிர்கிறது. கீழே டைல்ஸ்.

தஞ்சை தரைவேலை:
அப்படியென்றால் எவ்வளவு இழுத்தாலும் பிடித்து நிற்க ஒன்றுமில்லை. அறையைக் காலி செய்து, ஒரு நாள் முழுக்க ஃபேன் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். பழைய பசையைச் சுரண்டிவிட்டு, சுவரை ஒட்டி கார்ப்பெட் கனத்தைவிடச் சற்றுக் குறைவாக இடம் விட்டு ஆணிப்பட்டை அடிக்கச் சொல்லுங்கள், ஆணி முனை சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், டைல்ஸில் துளை போட்டுத்தான் பொருத்த முடியும். அப்புறம் முட்டியால் இடித்துத் தள்ளும் கருவியை வைத்து நடுவிலிருந்து மூலைகளைப் பார்த்து இழுத்து மாட்டுங்கள். மாட்டி முடித்த பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும். முதலிலேயே வெட்டிவிட்டால் சுவர் ஓரத்தில் இடைவெளி விழும், அதை யாராலும் சரிசெய்ய முடியாது. அறை பன்னிரண்டு அடிக்கு மேல் என்றால் எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்துத் தள்ளும் நீளக் கருவி வேண்டும், அதற்கு ஆள் கூப்பிடுவதே நல்லது.

குடந்தைவாசி:
பத்துக்குப் பதினொன்றுதான் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை மச்சானை வரச்சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் அம்மாவைக் கீழ்த்தளத்தில் படுக்கச் சொல்லிவிட்டேன்.