துருப்பிடித்த 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர்: வீட்டு கராஜில் எங்கிருந்து தொடங்குவது?

அபிங்டன்72:

எல்லோருக்கும் வணக்கம். கார் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), குரோம் பம்பர், 1798 சிசி. இங்கிலாந்தில் உப்புத் தூவிய குளிர்காலச் சாலைகளில் ஓடி, பிறகு பல வருடம் நகராமல் நின்ற வண்டி. இப்போதைய நிலைமை:

கதவுக்குக் கீழே ஓடும் ஸில் இரண்டு பக்கமும் அடிவிளிம்பில் ஓட்டை. பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள டாக்லெக்கில் புளியங்கொட்டை அளவில் பெயிண்ட் கொப்புளங்கள். முன்பக்கக் கால்மிதி (கால் வைக்கும் தரைப்பகுதி) எப்போதும் ஈரம். சீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகளில் ஒன்றுக்கு அடித்தகடே இல்லை. இன்ஜின் சுற்ற மறுக்கிறது.

இடம் ஒற்றைக் கார் கராஜ். 150 ஆம்ப் மிக் வெல்டர் (கம்பியும் வாயுவும் கொண்டு ஒட்டும் மெஷின்), சின்ன கம்ப்ரசர் இருக்கின்றன. என் கேள்விகள்: முதலில் முழுக்கப் பிரித்துவிடலாமா? பழைய ஸில்லின் மேலேயே போர்த்தும் ஓவர்ஸில் போதுமா? துருவை மணல் அடித்து எடுப்பது நல்லதா? பெயிண்ட் வீட்டிலேயே அடிக்கலாமா?

தகரக்கை:

முழுக்கப் பிரிக்காதீர்கள். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. அதனால் முன்னையும் பின்னையும் வளையாமல் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்த இரண்டு ஸில்கள்தான். கதவைக் கழற்றிவிட்டு, ஸில்லையும் வெட்டிவிட்டு, பிறகு புது ஸில் வைத்தால் கார் எந்த வடிவத்தில் தொய்ந்து நிற்கிறதோ அதே வடிவத்தில் நிரந்தரமாகிவிடும். அப்புறம் கதவு ஒருநாளும் சரியாக மூடாது.

கதவின் பின்விளிம்பு இடைவெளியை இப்போதே அளந்து எழுதி வையுங்கள். மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். மேலும் கீழும் ஒரே மாதிரி 4 முதல் 5 மிமீ வந்தால் நல்லது. கார் ஸ்டாண்டில் ஏறியதும் மறுபடி அளந்து பாருங்கள். எண் மாறினால் ஸில்லில் உயிர் இல்லை.

ஸ்டாண்டை ஸில்லுக்கு அடியிலோ ஜாக்கி வைக்கும் குழாயிலோ கொடுக்கவே கூடாது. முன்னால் கிராஸ்மெம்பருக்கு (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அடியில், பின்னால் ஆக்சிலுக்கு அடியில். அப்போதுதான் சக்கரத்தில் நிற்கும்போது விழும் அதே பாரம் பாடியில் விழும். பிறகு 25 மிமீ சதுரக் குழாயை ஏ தூணிலிருந்து (கதவுக்கு முன்னால் உள்ளது) பி தூணுக்கு (கதவுக்குப் பின்னால் உள்ளது) குறுக்கே, இன்னொன்றைச் சாய்வாக, டேக் வெல்டிங் (சின்னப் புள்ளி ஒட்டு) வைத்துக் கட்டுங்கள். குழாய் கதவுக் கோட்டுக்கு உள்பக்கம் இருக்கட்டும். வேலை நடக்கும்போது கதவை மாட்டி மூடிப் பார்க்க முடியவேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குழாய் இருந்தும் பயன் இல்லை.

ஓவர்ஸில் வேண்டாம். வேண்டவே வேண்டாம். உங்கள் காரிலேயே யாரோ முன்பு ஒன்று போர்த்தியிருக்க வாய்ப்பு உண்டு. அது துருவை மூடுகிறதே தவிர பாரம் தாங்குவதில்லை. உள்ளே ஈரம் தங்கி மிச்சத்தையும் தின்கிறது. உண்மையான ஸில் நீங்கள் கண்ணால் பார்ப்பதைவிட நீளம்: முன்னால் விங்குக்கு (முன் சக்கரத்தை மூடும் வெளித்தகடு) உள்ளேயும் பின்னால் டாக்லெக்குக்கு உள்ளேயும் போகிறது. முன் விங் போல்ட்டில்தான் நிற்கிறது, முழுசாகக் கழற்றிவிடலாம். டாக்லெக்கை வெட்டித்தான் ஆகவேண்டும். எப்படியும் அது போய்விட்டது. கொப்புளத்தில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்துங்கள், அப்பளம் மாதிரி நொறுங்கும்.

உள்ளே நான்கு அடுக்கு: தரையோடு ஒட்டிய உள்ஸில், அடியில் கோட்டைமதில் பல் போல இருக்கும் காஸில் ரெயில், நடுவில் செங்குத்தாக நிற்கும் மெம்பிரேன் தகடு, கடைசியில் வெளிஸில். உள்ளிருந்து வெளியே வாருங்கள். வெளியே தெரியாது என்பதால் பலர் மெம்பிரேனை விட்டுவிடுகிறார்கள். விறைப்பு தருவதில் அதற்குப் பெரிய பங்கு. ஒரு பக்கம் முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்த பக்கத்தில் கட்டிங் வீல் படவேண்டும்.

வெளிஸில்லை கிளாம்பில் மட்டும் பிடித்து, கதவை மாட்டி, இடைவெளி பார்த்து, திருப்தி வந்த பிறகே வெல்டிங். இந்த ஒரு இடத்தில் அரைநாள் செலவாகட்டும்.

மூன்றாம்கியர்:

தகரக்கை சொன்னதற்கு மேல் வெல்டிங் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

150 ஆம்ப் மெஷின் தாராளம். கம்பி 0.6 மிமீ. வாயு ஆர்கான் 95, கார்பன் டைஆக்சைடு 5 கலவை. வெறும் கார்பன் டைஆக்சைடு மலிவு, ஆனால் 0.9 மிமீ பாடித் தகட்டில் சூடு அதிகமாகி ஓட்டை விழும். வாயு இல்லாத ஃபிளக்ஸ் கம்பியை இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

ஃபாக்டரியில் ஸ்பாட் வெல்டிங் இருந்த விளிம்புகளில் பிளக் வெல்டிங் போடுங்கள். மேல் தகட்டில் 6 மிமீ துளை, 25 முதல் 30 மிமீக்கு ஒன்று. கனத்த தகடு என்றால் 8 மிமீ. இரண்டு தகட்டையும் பளபளவென்று தேய்த்து, வெல்ட்‑த்ரூ ஜிங்க் பிரைமர் (மேலேயே வெல்டிங் வைக்கக்கூடியது) மெல்லிசாக அடித்து, இறுக்கிக் கிளாம்ப் செய்து, துளையின் நடுவில் அடித்தகட்டில் ஆர்க்கைத் தொடங்கி வெளியே சுற்றுங்கள். பின்பக்கம் நீல வளையம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒட்டவில்லை. துண்டுத் தகட்டில் ஒன்று போட்டு, வைஸில் பிடித்து உளியால் பிரித்துப் பாருங்கள். வெல்டிங் பிரியாமல் சுற்றியுள்ள தகடு கிழிந்தால்தான் செட்டிங் சரி.

டாக்லெக் மாதிரி வெளியே தெரியும் இடத்தில் முனையோடு முனை சேர்த்து, 1 மிமீ இடைவெளி விட்டு, முதலில் 20 மிமீக்கு ஒரு டேக். பிறகு இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தள்ளித் தள்ளி, ஒவ்வொரு முறையும் 10 மிமீக்கு மேல் போகாமல் நிரப்புங்கள். அவசரப்பட்டு நீளமாக இழுத்தால் தகடு பாய் மாதிரி சுருளும். ஈரத்துணி போட்டு ஆற்றுவதை விடக் காத்திருப்பது மேல்.

தொடங்குமுன் பெட்ரோல் டாங்கை இறக்கி கராஜுக்கு வெளியே வையுங்கள். பெட்ரோல் குழாய் தரைக்கு அடியில் போகிறது, அதையும் கழற்றுங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்பைப் பிரியுங்கள். தரைக்கு மேல் ஒட்டியிருக்கும் தார் அட்டை, கார்ப்பெட் எல்லாம் எடுத்தாக வேண்டும்: அடியில் வெல்டிங் வைக்கும்போது மேலே தீப்பிடிப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அபிங்டன்72:

நன்றி. ஓவர்ஸில் யோசனையைக் கைவிட்டாயிற்று. காந்தம் வைத்துப் பார்த்ததில் முன் விங்கின் கீழ்ப்பகுதியில் ஒட்டவே இல்லை, முழுக்கப் பட்டிதான். கால்மிதி ஈரம் ஏன் என்று இன்னும் புரியவில்லை. சின்னப் பாகங்களின் துருவை எடுக்க என்ன வழி?

சோடாவாளி:

ஈரத்துக்கு முதலில் பார்க்கவேண்டிய இடம் வைப்பர் பக்கத்தில் உள்ள காற்றுத் துவாரம். அதன் வழியே விழும் மழைநீர் ஒரு ரப்பர் குழாயில் இறங்கி கியர்பாக்ஸ் சுரங்கப் பக்கம் வெளியேற வேண்டும். இலைச்சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கி ஹீட்டர் வழியாகக் கால்மிதிக்கு வரும். இதைச் சரி செய்யாமல் புதுத் தரை போட்டால் அதுவும் அரித்துப்போகும்.

மணல் அடிப்பது பற்றி: சஸ்பென்ஷன் கை, பிராக்கெட் போன்ற கனமானவற்றுக்கு நல்லது. பானெட், கதவுத் தகடு மாதிரி மெல்லியவற்றில் அடித்தால் சூட்டிலும் அடியிலும் நெளிந்துவிடும், திரும்ப நேராகாது. ஸில் போன்ற மூடிய அறைகளுக்குள் போன மணல் வெளியே வராமல் தங்கி ஈரம் பிடிக்கும்.

சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. 2 முதல் 5 ஆம்ப் ஓடினால் போதும், ஒரு இரவில் துரு கறுத்துத் தளர்ந்துவிடும், பிரஷ்ஷில் தேய்த்தாலே போகும். நல்ல இரும்பைத் தின்னாது, அமிலத்தைவிட இதில் எனக்குப் பிடித்தது அதுதான். மாற்றிக் கொடுத்தால் நல்ல பாகம் கரையும், இதை இரண்டு முறை சரிபாருங்கள்.

பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒருபோதும் வேண்டாம், நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வருகிறது, ஆகவே திறந்த வெளியில் மட்டும். ஸ்பிரிங், உயர்வலு போல்ட் போன்றவற்றைத் தொட்டியில் போடாதீர்கள், ஹைட்ரஜன் உள்ளே போய் நொறுங்கும் தன்மை வந்துவிடும். அலுமினியமும் கூடாது, சோடாவில் கரையும்: கார்புரேட்டர் உடல் அதில் சேர்த்தி.

எடுத்தவுடன் வெந்நீரில் அலசி, துடைத்து உலர்த்தி, அப்போதே பிரைமர் அடியுங்கள். விட்டால் கண்ணெதிரே ஆரஞ்சு நிறம் ஏறும்.

பழையகுளாய்:

இன்ஜினை ஸ்டார்ட்டரால் உதைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பூன் விட்டு, ஒரு வாரம் விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரங்களைத் தரையில் வைத்து, காரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ராக்கர் மூடியைத் திறந்து வால்வு ஏதும் இறங்கியபடி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் விடுபடும்போது புஷ்ராட் (வால்வை இயக்கும் தள்ளு கம்பி) வளையும். சுற்ற ஆரம்பித்ததும் 20டபிள்யூ‑50 ஆயில் மாற்றி, பிளக் இல்லாமலே ஆயில் பிரஷர் வரும் வரை சுற்றிவிட்டுத்தான் தீப்பொறி.

பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். 1972 பிரிட்டிஷ் மாடலுக்கு ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக், ஓர் இடத்தில் கசிந்தால் கால் பிரேக் முழுக்கப் போய்விடும். மூன்று ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதுசு. குழாய்க்கு செம்பு‑நிக்கல், 3/16 அங்குலம். அது துருப்பிடிக்காது.

இங்கே பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய கார், பெரிதாக மாற்றப்படாவிட்டால், எம்ஓடி (வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை) இல்லாமலே ஓடலாம். ஆனாலும் ஸில் வேலை முடிந்ததும் நீங்களாகவே கொண்டுபோய் எம்ஓடி செய்யுங்கள். வெல்டிங்கையும் பிரேக்கையும் இன்னொரு கண் பார்க்கட்டும்.

தகரக்கை:

பெயிண்ட் கேள்வி மிச்சம் இருக்கிறது. சுத்தமான இரும்பின் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி. வெறும் இரும்பின் மேல் பட்டி போட்டால் அடியில் ஈரம் ஊறும். பட்டி 3 மிமீக்கு மேல் போகவேண்டியிருந்தால் தகட்டு வேலை முடியவில்லை என்று அர்த்தம், திரும்பத் தட்டுங்கள். 80, 180, 240 என்று காய்ந்தபடி உப்புத்தாள், ஃபில்லர் பிரைமருக்குப் பிறகு 400, 800 தண்ணீர் விட்டு. அது வரை வீட்டிலேயே செய்யலாம். டூ பேக் பெயிண்டில் (ஹார்டனர் கலந்து அடிப்பது) ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது, சாதாரண கார்பன் மாஸ்க் அதற்குப் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜில் அடிக்காதீர்கள். மேல்கோட்டை மட்டும் பெயிண்ட் பூத் (காற்றோட்டமுள்ள தனி அறை) உள்ளவரிடம் கொடுங்கள்.

எல்லாம் காய்ந்த பிறகு ஸில்லுக்குள் மெழுகு. டைனிட்ரால், வாக்ஸாயில் எதுவானாலும் சரி, 360 டிகிரி தெளிக்கும் நீளக் குழல் அவசியம். முன்முனையிலிருந்து குழலை முழுக்க உள்ளே விட்டு, அழுத்தியபடி மெதுவாக இழுங்கள். மெம்பிரேனுக்கு இரு பக்கமும் தனித்தனி அறை, ஒன்றில் அடித்தால் மற்றதற்குப் போகாது. குளிர்ந்த நாளில் டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால்தான் மடிப்புகளுக்குள் ஓடும். காஸில் ரெயிலின் பல் இடைவெளிகளிலிருந்து மெழுகு சொட்ட வேண்டும். சொட்டாத இடைவெளியில் சீலரோ வெல்டிங் துளியோ அடைத்திருக்கிறது. கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள், தண்ணீருக்கு வெளியேற இருக்கும் வழி அதுதான்.